அத்தையின் சுத்தபோசனம்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் தேவகோட்டையில் எங்கள் மெஸ்ஸுக்கு வரும் கத்தோலிக்கப் பங்குக்காரர்கள் சிலர் கேட்பார்கள்: "வெள்ளிக்கிழமை சுத்தபோசனமாச்சே, நீங்க கோழி வறுக்கலாமா?" சுத்தபோசனம் என்றால் கறி தவிர்ப்பது. ஆனாலும் வறுக்கிறேன். சாப்பிட வருகிற மற்ற மதத்தாருக்கு அந்தக் கடமை இல்லை. நான் மட்டும் தொடுவதில்லை. கல்பாசியும் மராட்டி மொக்கும் எண்ணெயில் பொரியும் அந்த நேரத்தில்தான் ஆண்டவரோடு அதிகம் பேசுகிறேன். கறி விலை, மகனுடைய வேலை, யார்மேலாவது இருக்கும் கோபம், எல்லாம் சொல்லிவிடுவேன்.

என் மாமியாருக்கு அப்படி இல்லை. ஒருவேளை மட்டும் முழுச்சாப்பாடு சாப்பிடும் ஒருசந்தி, சுத்தபோசனம், 53 மணி செபமாலை, பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு முன் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம், எதிலும் குறை வைத்ததில்லை. போன தவக்காலத்தில் இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். தெம்புக்கு ஆட்டுக்கால் சூப் கொடுக்கச் சொன்னார் டாக்டர். வெள்ளிக்கிழமை கிண்ணத்தைத் தள்ளிவிட்டார் அத்தை. "சாகப்போற வயசுல சாவான பாவத்தக் கட்டிக்கிட்டுப் போகவா ஆத்தா?" சாவான பாவம் என்றால் ஆன்மாவையே சாகடிக்கும் பெரிய பாவம்.

ஒருசந்திக் கடமை 59 வயதோடு முடிந்துவிடுகிறது. நோயாளிகளைச் சுத்தபோசனமும் கட்டுப்படுத்தாது. மாதத்தின் முதல் வெள்ளிக்கு வீட்டுக்கு நன்மை (நற்கருணை) கொண்டுவந்த பங்குச்சாமியாரும் "தாராளமாக் குடிங்கம்மா" என்றார். அவர் போனபிறகும் அத்தை அழுதார். சட்டம் விட்டுவிட்டது, பயம் விடவில்லை.

"ஆண்டவர்ட்ட இதச் சொல்லிப் பாருங்களேன் அத்தை."

"அவர்ட்ட நான் என்னத்தப் பேச? எனக்குச் செபம் சொல்லத்தான் தெரியும்."

இவ்வளவு காலம் அவருக்காகப் பட்டினி கிடந்த மனுஷிக்கு, வலிக்கிறது என்று அவரிடம் சொல்லும் உரிமை உண்டென்று யாருமே சொல்லித் தரவில்லையே என்று எனக்கு ஆறவே இல்லை. பைபிளில் மாற்கு நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். வேலை செய்யக்கூடாத ஓய்வுநாளில் கதிர் கொய்த சீடர்களை, சட்டத்தில் கறாரான பரிசேயர் குறை சொன்னபோது, இயேசு சீடர்கள் பக்கம்தான் நின்றார். பசித்த தாவீது காணிக்கை அப்பத்தை எடுத்துத் தின்றதை நினைவூட்டினார்.

அத்தைக்கு ஓரியூர்ப் புனிதர் அருளானந்தர்மேல் உயிர். அவரைப் பற்றியும் பேசினோம். 1647-இல் லிஸ்பனில் பிறந்து, அரண்மனையில் வளர்ந்தவர். இங்கே வந்து காவி கட்டி, பண்டாரசாமி என்னும் துறவியாக, கறி மீன் தொடாமல் வாழ்ந்தார். அது தவக்காலத்துக்கு மட்டுமல்ல, எல்லா நாளும். எந்தத் திருச்சபைச் சட்டமும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. நம் சனங்களோடு சேர்ந்து உட்கார வேண்டும் என்ற ஆசையில் தானாக விட்டது. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவரை வெட்டினார்கள். பயந்து விரதம் இருந்தவர் அவ்வளவு தூரம் வந்திருப்பாரா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அன்பு இருந்தால் விரதம் தன்னால் வரும். விரதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு அன்புக்குப் போய்ச் சேர்கிறோமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அடுத்த வாரங்களில் அத்தை கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கினார். முதலில் முனகல். பிறகு "என்னய்யா இப்படிப் போட்டுட்ட" என்று சுவரில் இருந்த இயேசுவின் திருஇருதயப் படத்தைப் பார்த்து நேராகவே சண்டை. சில வெள்ளிகளில் சூப்பும் குடித்தார். எனக்கு அந்தச் சண்டை செபமாகவே கேட்டது.

பெரிய வெள்ளியன்று கிண்ணத்தோடு போனேன். வேண்டாம் என்றார்.

"பயமா அத்தை?"

"பயமில்ல ஆத்தா. இன்னிக்கு அவரு செத்த நாளு. எழவு விழுந்த வீட்ல கறிச்சாறு எறங்குமா? ரசஞ்சோறு குடு. சூப்ப நாளைக்குக் குடிச்சுக்கிறேன்."