180 வெள்ளி

நேற்றிரவு பதினொன்றரை மணிக்கு, பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் இருப்பாய்வுப் பட்டியலில் 180 வெள்ளி உதைத்தது.

மூன்று முறை கூட்டியும் பற்றும் வரவும் ஒத்துவரவில்லை. அப்போதுதான் டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது: "வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள், அக்கா."

வகுத்தேன். சரியாக 20.

பேரேட்டைப் புரட்டினேன். 1,863 இருக்க வேண்டிய இடத்தில் 1,683. என் கையெழுத்துதான். திருத்தும்போது விரல் நடுங்கியது.

எனக்கு 43 வயது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பகலெல்லாம் தொழிற்சாலை, வாரத்தில் இரண்டு இரவு எல்சிசிஐ என்ற கணக்கியல் தேர்வுக்கான இரண்டாம் நிலை வகுப்பு. பக்கத்து மேசைப் பையனுக்கு என் மகன் வயது.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சம்பள நாளில் தோட்டத்து எழுத்தரான கிராணி நீட்டும் சம்பளச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பிடித்தம் எவ்வளவு, எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதை வாசித்துச் சொல்ல வீட்டிலும் ஆள் இல்லை. அந்த மடிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

தோட்டத்தை விட்டு வந்தவர்கள் இன்று சாப்பாட்டுக் கடை, பூக்கடை, லாரி என்று சொந்தமாக நடத்துகிறார்கள். தொழில் கணக்குகளை 7 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்கிறது வருமான வரிச் சட்டம். நம்மவர் பலரிடம் இருப்பதோ பிஸ்கட் டின்னில் திணித்த ரசீதுகள். கடைக்காக அவர்கள் சிந்தும் வியர்வைக்கு ஒழுங்கான ஒரு கணக்குப் புத்தகமாவது வேண்டாமா?

பூக்கடை அக்காவிடம் கேட்டுவிட்டேன். சனிக்கிழமை மாலை அவருடைய டின்னைத் திறக்கிறோம்.