அந்தக் கடிதம் யாருக்கு?

அமெரிக்க நடுமேற்கில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை ஆலோசகராக இருக்கிறேன். நாடு முழுவதும் போட்டி போட்டு வாங்க வேண்டிய உதவித்தொகைகளுக்கு மாணவர்களைத் தயார்ப்படுத்துவதுதான் வேலை. பல வகை விண்ணப்பங்கள் என் கைவழியாகப் போகின்றன. மனசுக்கு நெருக்கமானது ட்ரூமன் உதவித்தொகை. ஊரில் உறவினர்களிடம் இதைப் பற்றிச் சொன்னால், "ஐ.ஏ.எஸ். கோச்சிங் மாதிரியா?" என்று கேட்பார்கள். இதற்கு எழுத்துத் தேர்வே கிடையாது. என்ன செய்திருக்கிறாய், எதை மாற்றப் போகிறாய் என்று எழுதிக் காட்ட வேண்டும், அப்புறம் ஒரு நேர்காணல். அவ்வளவுதான். ஆனால் அந்த எழுதிக் காட்டுவதில்தான் மாணவர்கள் படாத பாடு படுகிறார்கள்.

ஹாரி ட்ரூமன் அமெரிக்காவின் 33-வது அதிபர். 1972 டிசம்பரில் இறந்தார். தனக்குக் கட்டடமோ சிலையோ வேண்டாம், இளைஞர்கள் பொதுவாழ்வுக்கு வர வழி செய்யுங்கள் என்பது அவருடைய விருப்பம். 1975 ஜனவரியில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் இந்த உதவித்தொகையையே அவருடைய தேசிய நினைவுச்சின்னமாக ஆக்கியது. லிங்கனுக்கும் ஜெஃபர்சனுக்கும் தலைநகரில் பளிங்கு மண்டபங்கள் இருக்கின்றன; ட்ரூமனுக்கு ஆண்டுதோறும் அறுபது பேர் அளவில் மாணவர்கள். இத்தனைக்கும் அவர் கல்லூரிப் பட்டம் வாங்காதவர். கேன்சஸ் சிட்டியில் இரவுநேரச் சட்டக் கல்லூரிக்குக் கொஞ்ச காலம் போய், முடிக்காமல் விட்டவர். அவருக்குப் பிறகு பட்டம் இல்லாத யாரும் அந்த நாற்காலிக்கு வரவில்லை. படிப்பு கைகூடாமல் போன ஒருவர் பெயரில் மற்றவர்களைப் படிக்க வைக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சியான விஷயம்.

பணம் 30,000 டாலர் வரை. பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் விண்ணப்பித்து, பின்னால் முதுநிலைப் படிப்புக்கு அந்தத் தொகையைப் பயன்படுத்தலாம். படிப்பு முடிந்த பிறகு வரும் ஏழு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளாவது பொதுச்சேவையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்கியதை வட்டியோடு திருப்ப வேண்டும். அரசு வேலை மட்டும்தான் என்றில்லை. பள்ளி ஆசிரியர், ராணுவம், தொண்டு நிறுவனம் எல்லாம் கணக்கில் வரும். நல்ல சட்டக் கல்லூரி ஒன்றில் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 50,000 டாலரைத் தாண்டும் நாட்டில் இந்தத் தொகை ஒரு வருஷத்துக்குக்கூடக் காணாது, உண்மைதான். ஆனாலும் ஏழைகளுக்காக வாதாட நினைக்கும் பிள்ளையை முதலில் விரட்டுவது கல்விக் கடன்தான். அதில் ஒரு பகுதி குறைந்தாலும் மூச்சு விடலாம்.

அமெரிக்கக் குடியுரிமை வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. மூன்று வயதில் பெற்றோரோடு வந்து இங்கேயே வளர்ந்த பிள்ளைகள் என் அறைக்கு ஆசையோடு வருவார்கள். குடியுரிமை இல்லையென்றால் வேறு உதவித்தொகைகளைக் காட்டி அனுப்ப வேண்டியிருக்கிறது. இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி இது.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். தலைமைப் பண்பு, செய்த சேவை, எதிர்காலத் திட்டம் என்று நிறையக் கேள்விகள் உண்டு. கடைசியில் ஒரு கொள்கை முன்மொழிவு கேட்பார்கள். அதை ஒரு குறிப்பிட்ட அரசு அதிகாரிக்கு எழுதும் கடிதம் போல எழுத வேண்டும். பிரச்சினை என்ன, தீர்வு என்ன, அதில் என்ன தடை வரும் என்று சுமார் 500 சொற்களுக்குள் சொல்லிவிட வேண்டும். பொருளைத் தேர்ந்தெடுப்பதைவிட, கடிதத்தின் தலைப்பில் யார் பெயரை எழுதுவது என்பதில்தான் எல்லோரும் சிக்கிக்கொள்கிறார்கள். பாதிப் பேர் அதிபருக்கு எழுதிக்கொண்டு வருவார்கள்.

ஒரு மாணவி நினைவுக்கு வருகிறாள். கிராமப்புறக் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒன்றிலிருந்து வந்தவள். பாட்டிக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில், சிகிச்சைக்குப் போய்வர வண்டி வசதியும் சேர்த்தி. காலையில் வேன் எப்படியோ வந்துவிடும். நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இருந்துவிட்டுத் தளர்ந்து வெளியே வரும்போதுதான் வேன் இருக்காது. அவளுடைய முதல் வரைவு அதிபருக்குத்தான். சுகாதாரம் மனித உரிமை, நாடு விழித்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் அழகாக எழுதியிருந்தாள். "அந்த வேனை அனுப்புவது யார்?" என்று கேட்டேன். தெரியவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மாநில அரசு ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்திருந்தது. அந்த நிறுவனம் உள்ளூர் வேன்காரர்களை அமர்த்தியிருந்தது. ஒப்பந்தம் மாநில இணையதளத்திலேயே இருந்தது. நீண்ட ஆவணம். என் மேசையில் பரப்பி வைத்து இரண்டு பேரும் படித்தோம். சிகிச்சை முடிந்ததும் எவ்வளவு நேரத்துக்குள் வண்டி வர வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. வராவிட்டால் என்ன அபராதம் என்பது எங்கேயும் இல்லை.

அடுத்த முறை அவள் ஒரு காலண்டரைப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். பாட்டி வீட்டுச் சமையலறையில் மாட்டியிருந்தது. டயாலிசிஸ் நாள்களின் கட்டத்துக்குள் பாட்டி பென்சிலால் இரண்டு நேரம் குறித்திருந்தார்: வெளியே வந்த நேரம், வேன் வந்த நேரம். யாரும் கேட்டுச் செய்ததில்லை. மாதக்கணக்காக அப்படியே எழுதி வந்திருக்கிறார். கடிதம் அன்றைக்கே மாறிவிட்டது. பெயர், மாநில மெடிக்கெய்ட் இயக்குநர். கோரிக்கை இரண்டு: ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது தாமதத்துக்கு அபராதம் சேருங்கள், மாதாமாதம் தாமதக் கணக்கை வெளியிடுங்கள். மனித உரிமை பற்றிய வரிகளை அவளே அடித்துவிட்டாள். நான் படித்த வரைவுகளில் அதைவிட உருப்படியானது குறைவு.

நேர்காணலுக்கு முன் எங்கள் வளாகத்திலேயே ஒரு மாதிரி நேர்காணல் வைப்போம். நான், ஒரு பேராசிரியர், ஓய்வுபெற்ற ஒரு மாநில அதிகாரி. நிஜத்தில் சுமார் இருபது நிமிடம்தான். மாணவரை விடாமல் மடக்கிக் கேட்பார்கள். அந்த அதிகாரி அவளிடம், "அபராதம் போட்டால் வேன்காரர்கள் உங்கள் கவுண்டிப் பக்கமே வராமல் போய்விட்டால்?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தூரத்துக்கு ஏற்ற கட்டணம் இப்போது இல்லை, அதையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்றாள். அந்த ஒரு கேள்வியால் கடிதத்தின் கடைசிப் பத்தியை முழுக்க மாற்றி எழுதினாள்.

அவளுக்கு ட்ரூமன் கிடைக்கவில்லை. இறுதிச் சுற்றோடு நின்றுவிட்டது. எனக்கு ரொம்ப வருத்தம். அவளைவிட எனக்குத்தான் அதிகம் என்று நினைக்கிறேன். இப்போது கிராமப்புறப் போக்குவரத்துத் திட்டம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பொது நிர்வாகம் படிக்கிறாள்.

ஜனநாயகக் கட்சி அரசியல்வாதி ஸ்டேசி ஏப்ரம்ஸ், உச்ச நீதிமன்றத்தின் பழமைவாத நீதிபதி நீல் கோர்சச் என்று அரசியலில் இரு துருவங்களில் நிற்பவர்களும் இந்த உதவித்தொகை வாங்கியவர்கள்தான். அந்தப் பட்டியலைப் பார்த்து மாணவர்கள் மலைத்துப்போகிறார்கள். ஆனால் ஆண்டுதோறும் விண்ணப்பிக்கும் நூற்றுக்கணக்கானோரில் பெரும்பாலோருக்கு இது கிடைப்பதில்லை. கிடைக்காதவர்களும் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறார்கள். ஒரு ஒப்பந்தத்தை, ஒரு பட்ஜெட் வரியை, ஒரு அலுவலகத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். இருபது வயதில் அதைச் செய்தவர்கள் பிற்காலத்தில் எந்த வேலைக்குப் போனாலும் அரசாங்கத்தைத் தூரத்திலிருந்து திட்டிவிட்டு நகர மாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இதை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நாலு பேரோடு நிறுத்தாமல் வகுப்பிலேயே எல்லோரையும் எழுத வையுங்கள் என்று அரசியல் துறைப் பேராசிரியர்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருவர் ஒத்துக்கொண்டு தன் பாடத்தில் சேர்த்திருக்கிறார்.

அந்த வகுப்பிலிருந்து இந்தப் பருவத்தில் ஒரு பையன் வந்திருக்கிறான். எடைக் கட்டுப்பாடு போட்டதால் அவன் ஊர்ப் பாலத்தில் பள்ளிப் பேருந்து போக முடியாமல் பிள்ளைகள் ஊரைச் சுற்றிப் போகிறார்களாம். பாலம் கவுண்டியுடையதா, மாநிலத்துடையதா என்று கேட்டேன். கவுண்டிப் பொறியாளர் அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறான்.