சீட்டின் மூலையில் ஓர் எண்

“சீட்டில் எதற்குத் தம்பி நம்பர்?” என்று அந்த அம்மா கேட்டார். “கணக்குக்குத்தான் அம்மா” என்றேன். நான் சொன்னது பொய்யா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

2016 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல். மே 16 அன்று வாக்குப்பதிவு. 19ஆம் தேதி எண்ணிக்கை. இடையில் கிடைத்த நாட்களில், யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்று அறியும் கருத்துக்கணிப்புக்காக, வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக ஏறினோம். குறிப்பிட்ட இடைவெளி விட்டு எடுத்த பெயர்கள். ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து எழுதக் கூடாது. வாக்கு யாருக்கு என்ற கேள்விக்கு மட்டும் வாய்ப்பேச்சு கிடையாது. சின்னங்கள் அச்சிட்ட மாதிரிச் சீட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்வோம்; குறியிட்டு, மடித்து, எங்கள் பெட்டியில் போட வேண்டும். திண்ணையில் மாமனாரும் வாசலில் கணவரும் நிற்கிற வீட்டில் வேறு எப்படிக் கேட்பது?

ஆனால் மூலையில் எண் இல்லாவிட்டால் எந்தச் சீட்டு, மற்ற பதில்களை எழுதிய எந்தப் படிவத்துக்கு உரியது என்று தெரியாது. பெண்கள் யாருக்குப் போட்டார்கள், கூலி வேலை செய்வோர் யாருக்கு என்று பிரிக்கவே முடியாது. ஆக, கணக்குக்குத்தான். இரவு லாட்ஜில் பெட்டியைத் திறந்து அந்தக் கணக்கை எழுதப் போகிறவன் நான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

தேர்தல் மை கறுத்திருந்த விரலால் அவர் அந்த எண்ணை ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். பேனா மை, அழியவில்லை. நான்காக மடித்துப் போட்டார். இரவு பிரித்தேன், எந்தச் சின்னத்திலும் குறி இல்லை.

உண்மையைச் சொல்லியிருந்தால் சீட்டையே வாங்கியிருக்க மாட்டார் என்று சமாதானம் செய்துகொள்கிறேன். ‘பதில் இல்லை’ என்று குறித்தேன். அப்படிக் குறிக்கப்பட்டவர்களை விட்டுவிட்டுத்தான் சதவீதம் போடுவார்கள். 1936இல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழுக்குச் சுமார் 24 லட்சம் பதில்கள் வந்தும் அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்றே அது கணித்தது; அவரோ வென்றார். பதில் போடாதவர்களும் போட்டவர்களைப் போலத்தான் என்று எண்ணியதும் அந்தப் பிழையில் சேர்த்தி. பயிற்சியில் இதைக் கேட்டுத் தலையாட்டியவன் நான்.

19ஆம் தேதி அ.தி.மு.க. ஆட்சியைத் தக்கவைத்தது. தி.மு.க. முந்தும் என்ற கணிப்புகள் பல பொய்த்தன. “பெண்கள் வாயைத் திறக்கவில்லை” என்றார் மேற்பார்வையாளர். வசதியான விளக்கம்தான். ஒரு வெற்றுச் சீட்டை வைத்து நான் மறுக்கவும் முடியாது, ஒப்புக்கொள்ளவும் முடியாது. ஆனால் அந்த அம்மா வாயைத் திறந்தார், என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

அடுத்த கணிப்பில் எண்ணைச் சீட்டின் பின்பக்கம், பொடி எழுத்தில் எழுதினேன். யாரும் கேட்கவில்லை.