ஸ்டெப்பர் தேடப் போய் கிடைத்த கோடு போட்ட நாடா

மூன்று வருடம் ஓடிய இங்க்ஜெட் பிரிண்டர் திடீரென்று வெள்ளைத் தாளை இழுத்து வெள்ளையாகவே வெளியே தள்ள ஆரம்பித்தது. மை தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொண்டுவிட்டது. இரண்டு வாரம் வைத்தியம் பார்த்தும் தேறவில்லை. சரி, பிரித்து மேய்ந்துவிடலாம் என்று மேசையில் பழைய செய்தித்தாளை விரித்தேன். உள்ளே இரண்டு ஸ்டெப்பர் மோட்டாராவது, அதாவது சொன்ன அளவுக்கு அடியடியாகத் திரும்பி நிற்கும் மோட்டார், இருக்கும், பேனாவைக் குறுக்கிலும் நெடுக்கிலும் நகர்த்தி வரையும் ப்ளாட்டர் ஒன்றைக் குட்டியாகச் செய்துவிடலாம் என்பது என் கணக்கு.

பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் சும்மா விட்டுவைத்த பிறகுதான் கை வைத்தேன். பவர் சப்ளையில் மெயின் கரண்ட் நுழையும் பக்கம் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில், லைன் 230 வோல்ட் என்றால், 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். பிளக்கை எடுத்த உடனே அது காலியாகிவிடும் என்று நம்பக் கூடாது. நல்லவேளையாக இதில் பவர் சப்ளை தனி டப்பாவாக இருந்தது. அதைத் திறக்காமல் அப்படியே எடுத்து வைத்தேன்.

திருகுகள் பாதி நட்சத்திரத் தலை, டி10 அளவு. ஒன்று ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருந்தது, அதைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம். மீதியெல்லாம் பிளாஸ்டிக் கொக்கிகள். பழைய ஏடிஎம் கார்டை இடுக்கில் செருகி நெம்பினால் பாதி விடும், பாதி உடையும். உடைந்தால் உடையட்டும், திரும்ப மாட்டப் போவதில்லையே.

நான் எதிர்பார்க்காதது அடியில் இருந்தது. ஒவ்வொரு முறை ஹெட்டைச் சுத்தம் செய்யும்போதும் வெளியேறும் மை எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. அடித்தட்டில் கனமான ஸ்பாஞ்ச் ஒன்று. மூன்று வருட மையையும் குடித்துவிட்டு ஈரமாகவே உட்கார்ந்திருந்தது. தெரியாமல் பெட்டியைச் சாய்த்தேன். செய்தித்தாள், மேசை, முழங்கை எல்லாம் கருநீலம். நான்கு நாளைக்கு நகக்கண் வெளுக்கவில்லை. கையுறை போட்டுக்கொண்டு அந்த ஸ்பாஞ்சை முதலில் எடுத்து மூடிய பையில் போட்டுவிடுங்கள்.

அப்புறம் மோட்டார்கள். ஹெட்டை இழுக்கும் மோட்டாரில் இரண்டே ஒயர். தாளை இழுப்பதிலும் இரண்டே ஒயர். இரண்டும் சாதாரண டிசி மோட்டார்! ஸ்டெப்பர் என்று இருந்தது ஸ்கேனர் பகுதியில் ஒன்றே ஒன்று, நான்கு ஒயர் போட்டது. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து எந்த இரண்டு ஒயருக்கு இடையே ரீடிங் வருகிறது என்று பார்த்தால் ஒரே கம்பிச்சுருளின் ஜோடி எது என்று தெரிந்துவிடும். ஆனால் ஒரு ஸ்டெப்பரை வைத்துக்கொண்டு ப்ளாட்டர் செய்ய முடியாதே.

கடுப்பில் குப்பைக் கூடையில் போட்டவற்றில் ஒன்று, ஹெட் ஓடும் பாதை நெடுக ஒரு முனையில் ஸ்பிரிங் போட்டு இழுத்துக் கட்டியிருந்த பிளாஸ்டிக் நாடா. வெறும் கண்ணுக்குச் சாம்பல் நிறம். எதற்கோ மறுபடி கையில் எடுத்து பூதக்கண்ணாடியில் பார்த்தால், மயிரிழை மாதிரி கறுப்புக் கோடுகள், அங்குலத்துக்கு 150. ஸ்டெப்பர் இல்லாமலே ஹெட் தன் இடத்தைத் தெரிந்துகொள்வது இதை எண்ணித்தான். ஹெட் வண்டியின் முதுகில் இருக்கும் கவட்டை போன்ற சென்சாருக்கு நடுவே இந்த நாடா போகும். சென்சாரிலிருந்து இரண்டு சிக்னல் கொஞ்சம் முன்பின்னாக வருவதால் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும் தெரியும். அந்த இரண்டின் ஏற்ற இறக்கங்களை எல்லாம் எண்ணினால் ஒரு கோட்டுக்கு நான்கு எண்ணிக்கை, அதாவது அங்குலத்துக்கு 600. ஒரு எண்ணிக்கை 0.042 மில்லிமீட்டர்!

சென்சாரின் கால்களைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டரின் டயோடு நிலை போதுமாக இருந்தது, 1.1 வோல்ட் பக்கம் காட்டிய ஜோடிதான் அகச்சிவப்பு எல்இடி. 220 ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் கொடுத்து போன் கேமராவில் பார்த்தேன், வெளிர் ஊதாவாக மின்னியது. சிக்னல் ஒயர் இரண்டையும் ஆர்டுயினோ ஊனோ என்ற குட்டி கன்ட்ரோலர் போர்டின் 2, 3 பின்களில் சால்டர் செய்தேன், சிக்னல் மாறிய உடனே புரோகிராமைத் தட்டி எழுப்பும் வெளி இன்டரப்ட் வசதி அந்தப் பின்களில் இருக்கிறது. ஸ்கேலை வைத்து வண்டியைக் கையால் 10 சென்டிமீட்டர் தள்ளினேன். 2,362 வர வேண்டும். 2,358 வந்தது. என் கை நடுக்கத்துக்கு அது பரவாயில்லை.

ஆனால் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாண்டும்போது மட்டும் எண்ணிக்கை விட்டுவிட்டு வந்தது. எண்ணுகிற புரோகிராமில்தான் தப்பு என்று ஒரு மாலை முழுக்கக் குடைந்தேன். கடைசியில் பார்த்தால் நாடாவில் என் கட்டைவிரல் ரேகை, மையும் கிரீஸுமாக. ஈரத்துணியால் மெல்லத் துடைத்ததும் சரியாகிவிட்டது. கரைப்பான் எதையும் போடத் துணியவில்லை, கோடும் சேர்ந்து அழிந்துவிடுமோ என்று பயம்.

அதனால் வண்டி ஓடும் கம்பி, பெல்ட், வண்டி, மோட்டார், நாடா எதையும் தனித்தனியாகக் கழற்றாமல் சட்டத்தோடு சேர்த்தே வெளியே எடுங்கள். நான் கழற்றிவிட்டு மறுபடி நேராக்க இரண்டு நாள் பட்டேன். மோட்டாருக்கு எல்298 டிரைவர் போர்டில் 12 வோல்ட் கொடுத்தேன், தாராளமாக ஓடியது. முதலில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டி என்று உதறிக்கொண்டே இருந்தது. வேகத்தைத் தீர்மானிக்கும் எண்ணை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்ததும் அடங்கியது. இப்போது விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டால் ஒரு முறை சிணுங்கிவிட்டு இருந்த இடத்துக்கே வந்து நிற்கிறது.