வெள்ளம் சேர்த்துவைத்த நட்புகள்

2015 இறுதியில் கடலூரை வெள்ளம் சூழ்ந்தபோது, எந்தத் தெருவுக்குப் பால் பவுடர் வேண்டும், எந்தப் பாதையில் வண்டி போகும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதற்காகத் தொடங்கிய எங்கள் வாட்ஸ்அப் குழு, நீர் வடிந்த பிறகும் நெடுநாள் கலகலப்பாகவே இருந்தது. திருப்பாதிரிப்புலியூர் அக்கா ஒருவர், நேரில் பார்த்தே இராத என் மகளின் பொதுத்தேர்வு நாளை நினைவில் வைத்து, முதல் நாள் இரவே வாழ்த்து அனுப்பினார். இதற்கு உறவு என்றல்லாமல் வேறென்ன பெயர்?

பின்னர் சிலர் வேலைக்காக வெளிநாடு போனார்கள், சிலர் எண்ணை மாற்றினார்கள். மனத்தாங்கல் எதுவும் இல்லாமலே பேச்சு குறைந்து, இப்போது காலை வணக்கப் படங்கள் மட்டுமே வருகின்றன. 2022 முதல் ஒருவர் விலகும் அறிவிப்பும் நிர்வாகிகளுக்கு மட்டுமே காட்டப்படுகிறது. சங்கடத்தைத் தவிர்க்கும் நல்ல ஏற்பாடுதான் என்றாலும், "ஏன் போனீர்கள்?" என்று கேட்கும் வாய்ப்பு மற்றவர்களுக்குக் குறைந்துவிட்டது. நிர்வாகிகளில் ஒருவன் என்ற முறையில், விலகுகிறவரை அன்றைக்கே தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிப்பதை என் கடமையாக வைத்திருக்கிறேன்.