மூன்று பட்டியல்களும் ஒரு சட்டித் தயிரும்

தஞ்சாவூரிலிருந்து கல்யாணமாகி மட்டக்களப்புக்குப் புறப்பட்டபோது, மொழி தெரிந்த நாட்டுக்குத்தானே போகிறாய் என்று சொல்லித்தான் எல்லோரும் என்னை வழியனுப்பினார்கள். அது எவ்வளவு அரைகுறையான ஆறுதல் என்பதை இந்த நான்கு ஆண்டுகளில் அடுப்படியில் நின்றபோதுதான் அதிகம் உணர்ந்திருக்கிறேன். கடையில் சர்க்கரை கேட்டால் வெல்லத்தை எடுத்து நீட்டுவார்கள்; எனக்கு வேண்டியதற்கு இங்கே சீனி என்று பெயர். பாண் என்பது ரொட்டி, பாணி என்பது பாகு. அத்தை என்று அழைக்க வாயெடுத்தவரை மாமி என்று அழைக்கப் பழகினேன். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவதே வழக்கமான இந்த ஊரில், கடல் கடந்து கணவன் வீட்டுக்கு வந்த மருமகளை அக்கம்பக்கத்தார் இன்றும் சற்று வேடிக்கையாகவே பார்க்கிறார்கள்.

கடந்த ஆண்டு ஆகஸ்டில், என் கணவருடைய சித்தப்பா மகள் லண்டனிலிருந்து வந்திருந்தாள். கர்ப்பத்தில் அவளுக்கு ஆறாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு மீனையும் சோற்றையும் மாமி எடுத்துக்கொண்டார். இனிப்பு என் பொறுப்பாயிற்று.

மாமி முதலில் சொன்னது, பப்பாசியும் அன்னாசியும் எள்ளும் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்பதுதான். தொலைபேசியில் கேட்டபோது என் அம்மா பப்பாசியைப் பப்பாளி என்று சொன்னதைத் தவிர அதே பட்டியலைத்தான் ஒப்பித்தார். விருந்தாளியிடமே கேட்டேன். அங்குள்ள மருத்துவமாது கொடுத்த பட்டியலில் பப்பாசி என்ற சொல்லே இல்லை. வேகாத முட்டை, பாச்சர் முறையில் சூடாக்கப்படாத பால், அதில் செய்த மென்மையான சீஸ், மது என்று அது வேறு திசையில் போனது. பிரித்தானியாவில் சிங்க முத்திரை குத்திய முட்டையை அரைவேக்காடாகவும் கர்ப்பிணிகள் உண்ணலாம் என்று 2017 இல் அறிவுரையை மாற்றினார்களாம். எங்கள் கடை முட்டையில் முத்திரை ஏது? ஆகவே நன்றாக வெந்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கணவரின் தங்கை சொக்லட் பிஸ்கட் புடிங் செய்யலாம் என்றாள். மாரி பிஸ்கட்டைப் பாலில் தோய்த்து அடுக்கி, இடையிடையே பட்டரும் கொக்கோவும் கலந்த பூச்சைத் தடவும் அந்தப் புடிங் இல்லாத பிறந்தநாளை நான் இங்கே பார்த்ததில்லை. ஆனால் அவள் கைமுறையில் அந்தப் பூச்சுக்குள் இரண்டு பச்சை முட்டைகள் போகும். இத்தனை காலம் தின்றும் எனக்கு அது தெரியாது. அதை விட்டுவிட்டோம்.

வட்டிலப்பத்திலும் முட்டைதான், ஆனால் அது ஆவியில் வேகிறது. காத்தான்குடித் தோழி ஒருத்தி பெருநாளுக்குச் செய்யும் அளவிலேயே, ஆறு முட்டை, முந்நூறு கிராம் கித்துள் பனைக் கருப்பட்டி, இரண்டு கோப்பைத் தேங்காய்த் தலைப்பால், ஏலக்காய் என்று கலந்து, இரண்டு முறை வடிகட்டி, மூடி வைத்து முக்கால் மணி நேரம் அவித்தேன். நடுவில் ஈர்க்கைக் குத்தி எடுத்தபோது எதுவும் ஒட்டவில்லை. ஆறிய பிறகு ஒரு துண்டு வெட்டியதும் துளைகளிலிருந்து பழுப்பு நீர் ஊறி வந்தது. வேகாத முட்டையோ என்று வயிறு கலங்கிப் போய்த் தோழிக்குப் போன் செய்தேன். அவள் சிரித்தாள். வேக்காடு குறைந்ததால் அல்ல, நெருப்புக் கூடியதால்தான் வட்டிலப்பம் நீர் விடுமாம்.

உண்மையான சிக்கல் தயிரில் இருந்தது. மட்டக்களப்புக்கு வந்துவிட்டு எருமைத் தயிரும் பாணியும் சாப்பிடாமல் போவதற்கு விருந்தாளி தயாராக இல்லை. படுவான்கரைப் பக்கமிருந்து வரும் சட்டிகளைத் தெருவோரத்தில் அடுக்கி விற்பவர், பாலைக் காய்ச்சித்தான் உறையிட்டதாகச் சொன்னார், நான் நம்பினேன். ஆனால் காகித மூடி கட்டிய அந்தச் சட்டி யார் யார் கை மாறி, எத்தனை மணி நேரம் வெயிலில் இருந்தது என்பதை அவராலும் சொல்ல முடியாது. லிஸ்டீரியா என்னும் கிருமி குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் மெல்லப் பெருகக்கூடியது. தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விடும் தொற்று, வயிற்றுப் பிள்ளைக்குப் பெரிய ஆபத்தாகலாம். அதனால் எருமைப் பால் வாங்கி, பொங்கிய பிறகும் கிளறிக்கொண்டே சிறிது நேரம் கொதிக்கவிட்டு, சுண்டு விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றினேன். மாமி வழக்கம்போலக் கடைத் தயிரில் ஒரு கரண்டி எடுத்து நீட்டினார். காய்ச்சிய பாலில் அதையே விட்டால் காய்ச்சியதன் பயன் என்ன என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். சற்று நேரம் என்னைப் பார்த்தவர், "அதுவும் சரிதான் புள்ள" என்றார். பாச்சர் செய்த பால் என்று மூடியிலேயே அச்சிட்டிருந்த யோகட் கோப்பை ஒன்றைப் பிரித்து உறையிட்டோம். கொதிநீர் ஊற்றிக் கழுவிய புதுச் சட்டியில், விடிவதற்குள் கத்தியால் வெட்டலாம் போல உறைந்திருந்தது.

பப்பாசி விஷயத்தில் நான் மாமியோடு வாதிடவில்லை. அச்சத்துக்குக் காரணம் காயில் ஊறும் பால். நன்றாகப் பழுத்ததில் அது அநேகமாக இராது. இருந்தாலும் பழத்தட்டில் வாழைப்பழமும் மாம்பழமும் வைத்தால் யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? கர்ப்பகாலச் சர்க்கரை நோய்க்கான சோதனையை 24 முதல் 28 வாரங்களுக்குள் செய்வார்கள்; ஊர் திரும்பியதும் அவளுக்கு அந்தச் சோதனை இருந்தது. அதனால் பாணியை மட்டும் மேசைக்கரண்டியால் அளந்து ஊற்றினேன். வட்டிலப்பத்தில் ஒரு சிறு துண்டோடு நிறுத்திக்கொண்டவள், தயிரை இரண்டாம் முறை தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

புறப்படும் முன், "மச்சாள், வட்டிலப்பத்தின் அளவை எழுதித் தாங்களேன்" என்றாள். எழுதிக் கொடுத்ததை மாமி வாங்கிப் படித்து, முதல் வரியிலேயே விரலை வைத்தார். பழக்க தோஷத்தில் இனிப்புக்குச் 'சர்க்கரை' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, கித்துள் கருப்பட்டி என்று மேலே எழுதினேன்.