இன்னொரு சீசன் கொடுக்கலாமா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் தடுமாறும் கோச்சை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா? எத்தனை தோற்றார் என்பதைவிட எப்படித் தோற்றார் என்று பாருங்கள்.

ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணியின் கோச்சாக பில்லி நேப்பியர் 2022இல் 6 வெற்றி, 7 தோல்வி (6-7), 2023இல் 5-7. ஆள்பலம் போதவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் 2023இல் யூட்டாவுடன், எதிரணி உதைத்தனுப்பும் பந்தைப் பிடித்து ஓடும் பன்ட் ரிட்டர்னுக்கு 3ஆம் எண் ஜெர்ஸியில் இரண்டு பேர் களத்தில் நின்றார்கள். பெனால்டியால் பந்து யூட்டாவிடமே தங்கியது, அந்த டிரைவ் (தொடர் தாக்குதல்) டச்டவுனில், அதாவது யூட்டாவுக்கு 6 புள்ளியில், முடிந்தது. அதே ஆண்டு ஆர்கன்சாஸுடன், கடைசி நொடிகளில் பந்தைத் தரையிலடித்து கடிகாரத்தை நிறுத்த அஃபென்ஸ் (தாக்கும் பிரிவு) தயாராகும்போதே, கோலுக்கு உதைக்கும் கிக்கிங் யூனிட்டும் உள்ளே ஓடிவந்தது. 5 யார்டு பெனால்டி. 39 யார்டு கிக் 44 ஆகி, குறி தவறி, ஆட்டம் கூடுதல் நேரத்தில் 39-36 என்று ஆர்கன்சாஸிடம் போனது. இதெல்லாம் திறமைக் குறைவே இல்லை. யார் எப்போது உள்ளே போக வேண்டும் என்ற அடிப்படை ஒழுங்கு. அது முழுக்க கோச்சின் பொறுப்பு.

2024 நவம்பரில் அவரைத் தொடர விட்டார்கள். எல்எஸ்யூ, ஓல் மிஸ் அணிகளைச் சாய்த்து 8-5 என்று முடித்தார். தொடரவிட்டது தவறில்லை என்பேன். ஆனால் அஃபென்ஸ் பிளே-காலிங்கை, அதாவது அடுத்து எந்த ஆட்டம் ஆடுவது என்று சொல்லும் வேலையை, வேறொருவரிடம் கொடுக்க வேண்டும் என்று அன்றே நிபந்தனை போட்டிருக்க வேண்டும். தலைமை கோச் ஆட்டத் திட்டங்கள் எழுதிய பிளே ஷீட்டிலேயே மூழ்கியிருந்தால் டைம்-அவுட்டையும் ஆள் மாற்றத்தையும் யார் கவனிப்பது? 2025இலும் பிளே-காலிங்கைத் தன்னிடமே வைத்திருந்தார். 3-4 நிலையில், அக்டோபரில் வேலை போனது. ஒப்பந்தப்படி தர வேண்டிய இழப்பீடு சுமார் 2.1 கோடி டாலர்.